கேட்டால் சொல்வார்

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் யாருமே கேட்டதில்லை. இதைப் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கடைத்தெருவின் கோடியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாணப் படம், செத்துப்போனவர் படம் எல்லாவற்றுக்கும் அவர்தான் சட்டம் போடுவார். முருகனுக்கும் மாதாவுக்கும் ஒரே சட்டம், ஒரே ஆணி. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டித் தருவார். பென்சில் மாதிரி ஒரு கருவி, நுனியில் வைரம். அதை வைத்து ஒரு கோடு இழுப்பார், மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணாடி அந்தக் கோட்டோடு பிரிந்துவிடும். கோட்டைத் தாண்டி ஒரு நூல் போகாது. அவர் பேச்சும் அதே மாதிரிதான். உங்கள் கேள்வி எங்கே முடிகிறதோ அங்கே அவர் பதிலும் முடிந்துவிடும்.

உயரமான ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும். கையில் பொடி டப்பா. எதிரில் நிற்பவரைப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கண்ணாடியோடு பழகிய கண் அப்படித்தான் ஆகிவிடும் என்று நான் அப்போது ஒரு கொள்கை வகுத்திருந்தேன். பி.ஏ. படித்துவிட்டு நைனாவின் (எங்கள் வீட்டில் அப்பா என்றால் நைனா) ஜவுளிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்த காலம் அது. கொள்கை வகுப்பதற்கு நிறைய நேரம் இருந்தது.

ஒருநாள் வெளியூர் ஆள் ஒருவர் அவரிடம் திண்டிவனம் பஸ் போய்விட்டதா என்று கேட்டார். போகவில்லை என்றார் இவர். அந்த ஆள் புளியமரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நிழல் மரத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிற்று. மூட்டையையும் தன்னையும் நிழலோடு நகர்த்திக்கொண்டே போனவர், கடைசியில் பொறுக்க முடியாமல் வந்து, எப்போதுதான் வரும் என்று கேட்டார்.

“இன்னிக்கு வராது. திருவண்ணாமலைல அச்சு முறிஞ்சி நிக்குது.”

காலையிலிருந்தே அவருக்கு அது தெரியும். கடைத்தெரு ஒரு வாரம் சிரித்தது. யாரைப் பார்த்து? அந்த வெளியூர் ஆளைப் பார்த்துத்தான். கேட்கத் தெரியாத ஆள் என்று தீர்ப்பாயிற்று. நானும் சிரித்தேன். வீட்டில் சாப்பிடும்போது அந்த ஆள் மூட்டையை நகர்த்துவதுபோல் சோற்றுத் தட்டை நகர்த்திக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

பக்கத்து அனந்தபுரத்துக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க செஞ்சிக்கு வந்தார். ஊரில் நாலு பேரிடம் விசாரித்தால் நாலு விதமாகச் சொல்வார்கள் என்று நேரே கண்ணாடிக் கடைக்கு வந்துவிட்டார். பையன் குடிப்பானா என்று கேட்டார். ஒரு சொட்டு தொட மாட்டான் என்றார் இவர். உண்மை. பையன் தொட்டதெல்லாம் சீட்டுக்கட்டு ஒன்றைத்தான். கல்யாணமாகி ஆறுமாதத்துக்குள் பெண்ணின் காதில் கழுத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அனந்தபுரத்துக்காரர் திரும்பி வந்து கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். கண்ணாடிக்காரருக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். “குடிக்கிறானா இப்ப?” என்று யாரோ கூட்டத்திலிருந்து கேட்க, அனந்தபுரத்துக்காரர் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் கதையும் உண்டு. ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வந்துவிட்டது. ஊர் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவரிடமும் கொடுத்தேன். மறுநாள் போய், முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தேன் என்றார். முழு மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். வேறொன்றும் கேட்கக் கூடாது என்கிற அறிவு அந்த வயதிலேயே எனக்கு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரை ஊர் ஏன் கொண்டாடியது என்றால், கடைத்தெருவில் மற்றவர்கள் நாங்கள். என் நைனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் போகாது என்று சொல்லித்தான் ஒவ்வொரு சேலையையும் விற்றார். சாயம் போகும் என்று அவருக்கும் தெரியும், வாங்குகிற அம்மாவுக்கும் தெரியும். அந்த அம்மா விலையைக் கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் இதே சேலை பாதி விலை என்பாள். அதுவும் பொய். இப்படி இரண்டு பக்கமும் சமமாகப் பொய் சொல்லி வியாபாரம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, உண்மை பேசுகிற ஒரே ஆள்மேல் நைனாவுக்குச் சாமி மாதிரி பக்தி. யாராவது எதையாவது நம்பவில்லை என்றால், “கண்ணாடிக்காரரக் கேளு” என்பார்.

அறுபதுகளின் நடுவில் நைனா கடையை இடித்து மாடியோடு கட்டினார். மாடி முழுக்கச் சேலை. அங்கேதான் ஜன்னல் விவகாரம் வந்தது.

ஜவுளி எடுக்க வருகிற பெண்கள் கடைக்குள் நிறத்தை நம்ப மாட்டார்கள். பல்பு வெளிச்சத்தில் அரக்கு எது, காப்பிக்கொட்டை நிறம் எது என்று தெரியாது. சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். எதிர்க்கடைக்காரன் அந்த நேரத்துக்காகவே காத்திருந்து, “அக்கா, இங்க வந்து பாருங்க, இதவிட நல்லதா இருக்குது” என்று குரல் கொடுப்பான். வெயிலுக்குப் போன சேலைகளில் பாதி திரும்பி வந்தது, அக்காக்கள் வரவில்லை. ஆகவே வெயிலையே கடைக்குள் கொண்டுவந்துவிடுவது என்று நைனா முடிவு செய்தார். மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய ஜன்னல்.

ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வெளிச்சம் வரக்கூடிய பக்கம் ஒன்றுதான். அந்தப் பக்கம் மல்லாட்டை மில், வேர்க்கடலையை உடைத்துத் தோல் நீக்குகிற இடம். மெஷினில் உடைபட்ட மல்லாட்டையின் தோல் குழாய் வழியாக வந்து மில் முற்றத்தில் கொட்டும். அறுவடைக் காலம் முடிவதற்குள் அந்தக் குவியல் எங்கள் மாடி உயரத்துக்கு ஏறிவிடும். செஞ்சிக்கு மூன்று மலை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், நாலாவது இங்கே இருக்கிறது என்று நான் சொல்வேன். யாரும் சிரித்ததில்லை.

அவலூர்பேட்டை மாமா, அம்மாவின் தம்பி, கட்டட வேலையைப் பார்க்க வந்தவர் அந்தக் குவியலைப் பார்த்தார். மாமா விவசாயி. காய்ந்த தோல் எப்படி எரியும் என்று அவருக்குத் தெரியும்.

“மச்சான், இந்தப் பக்கம் ஜன்னலு வேணாம். பீடித் துண்டு ஒண்ணு போதும்.”

“ஜன்னலு இல்லன்னா மாடியே வேணாம்டா,” என்றார் நைனா.

பேச்சு வளர்ந்து, அம்மா வரை போய், கடைசியில் வழக்கம்போல் கண்ணாடிக்காரரிடம் வந்து நின்றது.

அவர் மெட்ராஸில் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டிப் பழகியவர். கடைக்குள்ளிருந்து மூன்று துண்டுகளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒன்று சாதாக் கண்ணாடி. ஒன்று புள்ளி போட்டது, குளியலறைக்கு வைப்பார்களே, அது. மூன்றாவதற்குள் கோழிக்கூண்டு மாதிரி மெல்லிய கம்பி வலை புதைந்திருந்தது. ஜெயில் மாதிரி இருக்கிறதே என்று நைனா முகம் சுளித்தார். ஆனால் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தபோது வெளிச்சம் பால் மாதிரி வழிந்தது. அந்தப் பக்கம் இருப்பது தெரியாது, மில்லும் தெரியாது. நைனாவுக்குப் பிடித்துவிட்டது.

நெருப்புக்கு எது தாங்கும் என்று கேட்டார். அவர் வாயால் சொல்லாமல் செய்தே காட்டினார். கடைக்குப் பின்னால் தகர டிரம்மில் மல்லாட்டைத் தோலைக் கொட்டிக் கொளுத்தி, அதன் வாய்க்கு முன்னால் செங்கல் அடுக்கிக் கண்ணாடியை நிறுத்தினார். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். சாதாக் கண்ணாடி பட்டென்று வெடித்துச் சில்லுச் சில்லாக விழுந்தது, நெருப்பு நாக்கை நீட்டியது. அடுத்து கம்பிக் கண்ணாடி. அதுவும் வெடித்தது. ஆனால் விழவில்லை. ஆயிரம் கீறலோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நெருப்பு அதில் மோதி மோதி வளைந்து அந்தப் பக்கமே போயிற்று.

அனலில் எங்கள் முகம் தீய்ந்தது. நைனா பின்னால் நகர்ந்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இன்னும் பின்னால் நகர்ந்தார். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டு, சூட்டில் கண்ணாடி விரிவடைவதையும் கம்பி அதைத் தாங்குவதையும் பற்றி விளக்கவுரை நிகழ்த்தினேன். மூன்று பேரும் பின்வாங்கியதை ஒரே ஒருவர்தான் கவனித்தார். அவர் பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

“இது ஒடையுமா?” என்றார் நைனா.

“ஒடையும்.”

“சில்லு வியுமா?”

“வியாது.”

“இத்தத் தாண்டி நெருப்பு உள்ள வருமா?”

“வராது, மொதலாளி.”

நைனா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? அவரு வாயால சொல்லிட்டாரு.”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் யார்தான் பேச முடியும்?

மெட்ராஸிலிருந்து வைக்கோல் சுற்றிய பெட்டியில் கண்ணாடி வந்தது. அதே வாரம் மில்காரரும் தன் ஆபீஸ் அறைக்கு அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நைனாவுக்கு அதில் ஒரு பெருமை, தன்னைப் பார்த்துத்தான் என்று.

திறப்பு விழாவன்று மாடிக்கு எல்லோரையும் நைனாவே அழைத்துப் போய்க் காட்டினார். ஜன்னலுக்கு ஒட்டினாற்போல் ஒரு அகலப் பலகை. அதன்மேல் மெல்லிய வாயில் துணிச் சேலைகள், பிரித்தும் மடித்தும், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு கழுத்தளவு கிடந்தன. பக்கத்துச் சுவரில் அலமாரி, அதிலும் சேலை. அரக்கு அரக்காக இருந்தது, பச்சை பச்சையாக இருந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

கண்ணாடிக்காரரும் வந்தார். நான் சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சேலைக் குவியலைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே கையைச் சேலையின்மேல் வைத்தார். ஒரு தொழிலாளி தன் வேலையைத் தடவிக் கொடுப்பது என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரு கதையே எழுதிவிட்டேன்.

“எப்டி இருக்குது?” என்று நைனா கேட்டார்.

“நல்லா வெளிச்சமா இருக்குது.”

கேசரி சாப்பிட்டார், வெற்றிலை வாங்கிக்கொண்டார், போனார்.

மில் முற்றம் பற்றிக்கொண்டது அடுத்த கோடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். பீடித் துண்டா, மெஷின் பொறியா என்று யாருக்கும் தெரியாது. கத்தல் கேட்டு நாங்கள் மாடிக்கு ஓடினோம். ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்திருந்த மாமாவும் ஓடி வந்தார். ஜன்னல் முழுக்கச் செவ்வானம். கீழே கடைத்தெரு மொத்தமும் வாளியும் குடமுமாகக் கிணற்றுக்கும் மில்லுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் நின்றவர்கள் மாடிப்படியடிக்கு வந்து, சேலையைக் கீழே தள்ளுங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்று குரல் கொடுத்தார்கள். மாமா ஒரு சேலைக்கட்டை அள்ளியும் விட்டார்.

நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வை அத்த. கீய போட்டா சேறாயிடும். கண்ணாடி பாத்துக்கும்.”

“மச்சான், அனல் அடிக்குது.”

“நெருப்பு உள்ள வராதுன்னு சொன்னது யாரு? நானா சொன்னேன்?”

கண்ணாடி வெடித்தது. மேலிருந்து கீழ்வரை கீறல் ஓடியது. யாரோ வெளியிலிருந்து தண்ணீரை வீசியடிக்க, இன்னும் ஆயிரம் கீறல் ஓடியது. விழவில்லை. நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சொன்னது சொன்னபடி நடக்கிற சந்தோஷம். எங்கள் தொழிலில் அது அபூர்வம்.

அனல் தாங்காமல் நாங்கள் பின்னால் நகர்ந்தோம். இன்னும் நகர்ந்தோம். எதிர்ச்சுவர் முதுகில் இடித்தது. நாங்கள் நகர்ந்துவிட்டோம், சேலைகளுக்குக் கால் கிடையாது.

மேலே கிடந்தது ஒரு கிளிப்பச்சை வாயில் சேலை. அதன் மடிப்பில் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. புள்ளி விரிந்தது. நூல் மாதிரி புகை எழுந்தது. பிறகு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு நெருப்பும் உள்ளே வராமலேயே, சேலை தானாகப் பற்றிக்கொண்டது. அதன் பக்கத்துச் சேலை, அதன் கீழ்ச் சேலை, அலமாரி.

நைனா அணைக்கப் போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கேயோ ஒரு ஓட்டை இருக்க வேண்டும் என்று கண்ணாடியின் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் அவரை இழுத்துக்கொண்டு படியிறங்கியபோதும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். ஓட்டை இல்லை. மாடி முழுக்க எரிந்து அடங்கிய பிறகும் அந்தக் கண்ணாடி சட்டத்தில் அப்படியே நின்றது. ஒரு சில்லு விழவில்லை.

மில்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். அவர் ஆபீஸில் ஒரு காகிதம்கூடக் கருகவில்லை. கண்ணாடிகிட்ட எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று கண்ணாடிக்காரரைக் கேட்டாராம். துணி, காகிதம் எதுவும் வைக்காதீர்கள், நெருப்பு வராது ஆனால் அனல் வரும், ஒரு ஆள் படுக்கிற தூரம் காலியாக விடுங்கள் என்று சொன்னாராம். “உங்களுக்கும் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்” என்றார் மில்காரர், வெகு பரிதாபமாக.

கடைத்தெரு தீர்ப்புச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மொதலாளி கேட்டிருக்கணும், என்றார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியவருக்குக் கேட்கத் தெரியவில்லையே. எதிர்க்கடைக்காரன்கூட இதையே சொன்னான். புளியமரத்தடியில் மூட்டையை நகர்த்திய ஆளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தான். அவற்றில் எங்கள் வீட்டு வாயும் ஒன்று என்பதால் எனக்குப் பதில் பேச வழியில்லை.

அதைவிட என்னால் தாங்க முடியாதது நைனாதான். “அவரு பொய் சொல்லலடா” என்று என்னிடமே வாதாடினார். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, வராதுன்னாரு, வரல, என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் கேட்ட மூன்று கேள்விகளையும் வரிசையாகத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். நாலாவது எங்கே விட்டுப்போயிற்று என்று தேடுவார்.

சாம்பல் வாரி முடித்த ஒரு காலையில் கண்ணாடிக்காரர் தானாகவே வந்தார். கழுத்துப் பொத்தான் வரை வெள்ளைச் சட்டை. நைனா கீழ்க்கடையில் தரையில் உட்கார்ந்து, பாதி கருகிய துணிகளில் கைக்குட்டை அளவுக்காவது தேறுமா என்று பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல் போட்டேன். அவர் உட்கார்ந்தார். டீ வந்தது.

நைனா தலையைத் தூக்காமல் கேட்டார்.

“கண்ணாடிகிட்ட துணி வெக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெறப்பு அன்னிக்குக் கைய வெச்சிப் பாத்தீங்களே. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று அடுத்துக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நைனா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பதிலும் சரியாகவே இருக்கும், ஒரு நூல் அந்தப் பக்கம் போகாது. நைனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“சொல்லுங்க,” என்றார்.

அவ்வளவுதான். கேள்வி இல்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் முடிக்கலாம். தப்பாயிடுச்சி மொதலாளி என்று ஒரு வார்த்தை போதும். பாவம் என்றாலும் போதும். அன்று அவர் ஒரு பொய்யே சொல்லியிருந்தாலும் நைனா வாங்கிக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் பொடி டப்பாவைத் திருகினார். மூடினார். வாயைத் திறந்தார். உண்மையிலேயே தேடினார் என்று நினைக்கிறேன். கோடு போடாத கண்ணாடியை எங்கே தட்டுவது என்று தெரியாதவர்போல் நைனாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டீயில் ஆடை கட்டியது.

எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“வரட்டுமா?”

எனக்குத் தெரிந்து அவர் மற்றவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எங்கள் பக்கம் யாரும் இப்படிக் கேட்டுவிட்டு, வாங்க என்ற பதில் வராமல் படியிறங்க மாட்டார்கள். அம்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களுக்குக்கூட நைனா சிரித்துக்கொண்டே வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவார். நான் சொல்லியிருக்கலாம். என் நைனாவின் கடை அது, அவர்தான் சொல்ல வேண்டும்.

நைனா அடுத்த துணியை எடுத்து, கருகின ஓரத்தைக் கிழித்துத் தனியே போட்டார். தலை நிமிரவில்லை.

ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்டாமல், அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.